நரி முகத்தில் விழிப்போம்

எதிர்பாராத நன்மை ஒன்று ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், "இன்றைக்கு நரி முகத்திலா விழித்தாய்?" என்று கேட்பது நம் வழக்கம். கேட்பவரும் நரியின் முகத்தைப் பார்த்ததில்லை, கேட்கப்படுபவரும் பார்த்ததில்லை. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் நரிக்குக் கல்யாணம் என்கிறோம். யாராவது சூழ்ச்சி செய்தால் நரித்தந்திரம் என்கிறோம். பாட்டி சுட்ட வடையைக் காகத்திடமிருந்து ஏமாற்றிப் பறித்த நரியைப் பாலர் வகுப்பிலேயே தெரிந்துகொள்கிறோம். இவ்வளவு பேசும் நம்மில் எத்தனை பேர் ஒரு நரியை ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்திருக்கிறோம்?

நரியைப் பற்றி நாம் வைத்திருக்கும் அறிவில் பெரும்பகுதி காதால் வந்தது. அதைக் கண்ணால் சரிபார்க்கும் வாய்ப்பு நகரத்துப் பிள்ளைகளைவிட, வயலோரத்தில் வாழும் நமக்குத்தான் அதிகம். கையில் ஒரு சாதாரணத் தொலைபேசியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். வீட்டைச் சுற்றி வரும் நரியைப் பார்த்துப் படமெடுப்பதை வீண் வேலை என்று பெரியவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அது பயனுள்ள வேலை என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு அம்பாறை மாவட்டத்தில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. வளவின் பின்வேலிக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வட்டை. கடந்த இரண்டு பெரும்போகங்களில் அந்த வேலியோரத்திலிருந்தும் சமையலறை யன்னலிலிருந்தும் நரிகளை நாற்பது தடவைக்கு மேல் படமெடுத்திருக்கிறேன். அவற்றில் தெளிவானவை ஏழெட்டுத்தான். மிகுதி எல்லாம் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த மங்கிய படங்கள். ஆனாலும் ஒவ்வொன்றிலும் திகதியும் நேரமும் பதிவாகியிருக்கின்றன. அதனால் மங்கிய படத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

தெளிவான படமொன்றை வகுப்பில் காட்டியபோது தோழிகள் பலரும் சொன்ன முதல் வார்த்தை, "இது நாய்தானே?" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பிள்ளைகளின் கதைப்புத்தகங்களில் வரும் நரி செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். புசுபுசுவென்ற வாலின் நுனி வெள்ளையாக இருக்கும். அது ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் செந்நரி. இலங்கைக் காடுகளில் அது இல்லை. ஆங்கிலத்தில் அதை 'ஃபொக்ஸ்' என்பார்கள். நம் வயலில் திரிவதோ 'ஜக்கல்' எனப்படும் பிராணி. இரண்டுக்கும் தமிழில் நரி என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், வெளிநாட்டு நரியின் படத்தைப் பார்த்து உள்நாட்டு நரியைக் கற்பனை செய்கிறோம். உண்மையான நரி முன்னால் வந்து நிற்கும்போது அதை நாயென்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

விலங்கியலில் நம் நரியின் பெயர் 'கேனிஸ் ஒரியஸ்'. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் உப இனத்துக்கு 'நரியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்முடைய சொல்லே அந்தப் பெயரில் ஒலிக்கிறது. நாய்க்குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு இலங்கையில் இது ஒன்றுதான். ஓநாயும் செந்நாயும் நமக்கு இல்லை. எனவே வேலிக்கு வெளியே நரியைப் பார்க்கும்போது அந்தக் குடும்பத்தின் ஒரே காட்டுப் பிரதிநிதியைப் பார்க்கிறோம்.

நாயிலிருந்து நரியைப் பிரித்தறிவது கடினமல்ல. நரி ஊர் நாயைவிடச் சற்றுச் சிறியது. கால்கள் மெலிந்தவை. முகம் கூர்மையாக நீண்டிருக்கும். காதுகள் நிமிர்ந்து நிற்கும். முதுகில் கறுப்பும் நரையும் கலந்த மயிர். கால்களிலும் காதின் பின்புறத்திலும் கபில நிறம். எல்லாவற்றையும்விட வாலைப் பாருங்கள். அடர்ந்த வால் கீழ்நோக்கித் தொங்கும்; நுனி கறுப்பாக இருக்கும். ஊர் நாயைப் போல அதை மேலே சுருட்டிக்கொண்டு நரி நடப்பதில்லை. தூரத்தில் நிழலாகத் தெரியும்போதுகூட அந்த வாலே காட்டிக்கொடுத்துவிடும்.

என் படங்களின் நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பெரும்பாலானவை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலும், சுபஹுக்குப் பின் சூரியன் எழும்வரையான அரை மணி நேரத்திலும் எடுக்கப்பட்டவை. நண்பகலில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான். அது வெள்ளத்தில் வட்டை மூழ்கிய நாள். அதிகமாகக் கண்ட காலம் அறுவடைக் காலம். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் எலிகள் வளைகளை விட்டு ஓடும். பகலில் கொக்குகள் இயந்திரத்தின் பின்னால் நடக்கும். பொழுது சாய்ந்ததும் அதே வயலில் நரி வரும். வரம்போரமாக நின்று காதைச் சாய்த்துக் கேட்டு, நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழும்பப் பாய்ந்து, வைக்கோலுக்குள் மூக்கைக் குத்தும். ஒரு மாலையில் அப்படி ஆறு தடவை பாய்ந்ததைப் பார்த்தேன். இரண்டு தடவை வாயில் எலி இருந்தது.

இந்தக் காட்சி வயல்காரர்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. எலிக்காய்ச்சல் நமக்குப் புதிய நோயல்ல. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரில், காலில் காயத்தோடு இறங்குபவரை அது பிடிக்கும். போகம் தொடங்கும்போது சுகாதாரப் பரிசோதகர் வந்து மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். நரி இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதை நெல்லையும் விளைந்த நெல்லையும் தின்னும் எலியை, கூலி கேட்காமல் பிடிக்கும் ஒரு பிராணியை எதிரிப் பட்டியலில் சேர்ப்பது கணக்குத் தெரியாத வேலை. நரி எலியை மட்டும் தின்பதில்லை. வயல் நண்டு, ஓணான், வண்டு, செத்த பிராணி, நாவற்பழம், இலந்தைப்பழம் எல்லாமே அதற்கு உணவுதான்.

கோழியைப் பிடிக்காதா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். பிடிக்கும். வெளியில் விட்ட கோழியையும், காவலில்லாத ஆட்டுக்குட்டியையும் நரி பிடிக்கும். அதை மறைத்துவிட்டு நரிக்காக வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் காணாமல் போகும் ஒவ்வொரு கோழிக்கும் நரிதான் காரணம் என்பதை விசாரணையில்லாமல் ஏற்பதும் நேர்மையாகாது.

சென்ற ஆண்டு எங்கள் கூட்டிலிருந்து ஒரு வாரத்துக்குள் மூன்று கோழிகள் போய்விட்டன. இறகுகள் மட்டும் வேலியோரத்தில் கிடந்தன. "நரிதான், வேறென்ன!" என்று அயல்வீட்டார் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கட்டாரில் வேலை செய்யும் காக்கா விடுமுறையில் வந்தபோது, அசைவைக் கண்டால் தானாகப் படமெடுக்கும் சிறிய கெமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இருட்டிலும் அது கறுப்பு வெள்ளையில் படமெடுக்கும். அதைக் கூட்டுக்கு எதிரே தென்னையில் கட்டினோம். முதல் இரண்டு இரவும் பூனையும் எங்கள் வாப்பாவும்தான் படத்தில் விழுந்தார்கள். மூன்றாம் இரவு, கழன்றிருந்த பலகையை மூக்கால் தள்ளிக்கொண்டு ஒரு பிராணி உள்ளே போனது. வால் மேலே சுருண்டிருந்தது. கழுத்தில் பட்டியும் இருந்தது. யாரோ வளர்க்கும் நாய்!

நரியும் அன்றிரவு வந்திருந்தது. வேறொரு நேரத்தில் வந்து, கூட்டின் பக்கமே திரும்பாமல், வளவின் மூலையில் நாங்கள் கொட்டும் மீன் தலைகளையும் செதில்களையும் கிளறிவிட்டுப் போயிருந்தது. வாப்பா அடுத்த நாள் பலகைக்கு ஆணி அடித்தார். உம்மா மீன் கழிவைக் குழி வெட்டிப் புதைக்கத் தொடங்கினார். அதன் பிறகு இன்றுவரை கூட்டில் கோழி குறையவில்லை. நரியும் வளவுக்குள் வருவதில்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தோடு போய்விடுகிறது. செலவு கைப்பிடி ஆணி.

அந்தப் படம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? எங்கள் பக்கத்தில் சிலர் செய்வதை நாங்களும் செய்திருக்கலாம். இறைச்சித் துண்டில் வயலுக்கு அடிக்கும் நஞ்சைத் தடவி வரம்பில் வைப்பார்கள். அந்தத் துண்டு நரிக்கென்று பெயர் எழுதி வைக்கப்படுவதில்லை. நாயும் பூனையும் கீரியும் பருந்தும் அதைத் தின்னும். ஒரு முறை இப்படி நஞ்சு வைத்த மறுநாள் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு ஊர் நாய்களும் ஒரு கீரியும் செத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். நரி எதுவும் அங்கே கிடக்கவில்லை. அதே வாய்க்கால் கரையில்தான் நம் சிறுவர்கள் தூண்டில் போடுகிறார்கள். கோழியின் விலையைக் கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நரிக்கு ஆபத்தைக் கொண்டுவரும் இன்னொரு கேள்விப்பட்ட செய்தி நரிக்கொம்பு. இது மிகப் பழையது. இங்கே குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861 இல் வெளிவந்த இலங்கை விலங்குகள் பற்றிய தம் நூலில் நரிக்கொம்பு என்ற சொல்லையே எழுதிவைத்திருக்கிறார். கூட்டத் தலைவனின் தலையில் மட்டும் அது முளைக்கும், வைத்திருப்பவரின் எண்ணமெல்லாம் நிறைவேறும், தொலைந்தாலும் தானே திரும்பி வந்துவிடும் என்று சிங்களவரும் தமிழரும் நம்பியதாக அவர் குறிப்பிடுகிறார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இன்றும் வியாபாரம் செழிக்கவும் வழக்கில் வெல்லவும் நரிக்கொம்பு தேடுவோர் இருக்கிறார்கள்.

என் படங்களில் பல நரிகளின் தலைகள் இருக்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள், காதுகளுக்கு நடுவே மயிரைத் தவிர எதுவும் இல்லை. மாடு, ஆடு, மான் போன்றவற்றுக்குக் கொம்பு உண்டு. நாய்க்குடும்பத்துப் பிராணிகளுக்குக் கொம்பு முளைப்பதில்லை. எண்ணமெல்லாம் நிறைவேற்றும் பொருள் கையில் இருப்பவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஊரூராக விற்கத் திரிவாரா என்று கேட்டாலே போதும். அல்லாஹ்விடம் மட்டுமே தேவையைக் கேட்க வேண்டும் என்று மத்ரஸாவில் படித்த நம் வீடுகளில், ஒரு விலங்கைக் கொன்று எடுத்ததாகச் சொல்லப்படும் எலும்புத் துண்டுக்கு இடமிருக்கக் கூடாது. வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை. அதற்காக நரியைக் கொல்பவரும் இல்லை.

படமெடுப்பது நல்லது என்று சொல்லும்போது, எப்படிப் படமெடுப்பது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் கெமராவும் நரிக்குத் தீங்கு செய்யக்கூடியது. இறைச்சி வைத்து அருகில் வரவழைத்துப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நல்ல படம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வீடு என்றால் இறைச்சி என்று அந்த நரி படித்துக்கொள்ளும். அடுத்த முறை அது அயல்வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போகும். அங்கே யாரும் கெமராவோடு காத்திருக்க மாட்டார்கள், பொல்லோடுதான் காத்திருப்பார்கள். தொலைபேசியில் ஊளைச் சத்தத்தை ஒலிக்கவிட்டு நரியை வரவழைப்பதும் சரியல்ல. ஊளை அவற்றின் பேச்சு. துணைக்கும் குட்டிகளுக்கும் தான் இருக்குமிடத்தை அறிவிப்பதும், அடுத்த குடும்பத்துக்குத் தன் எல்லையை அறிவிப்பதும் அதனால்தான். வீணாக அதைக் கேட்கவைத்தால் இரை தேடும் நேரத்தை அது வந்து பார்த்துப் போவதில் தொலைக்கும்.

குட்டிகள் இருக்கும் வளையை நெருங்கவே கூடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் குட்டிகளை வளர்க்கின்றன. மனித நடமாட்டம் கூடினால் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு வேறிடம் போகும். அந்தப் பயணத்தில் குட்டிகள் தவறக்கூடும். இரவில் ஃபிளாஷ் வேண்டாம். டோர்ச் அடித்தால் அதன் கண்கள் பளிச்சென்று மின்னும். கண்ணின் பின்புறத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதே காரணம். இருட்டில் பார்க்க அதற்கு உதவும் கண்ணை நாம் கூசவைக்க வேண்டியதில்லை. படத்தை முகநூலில் போடுவதானால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். ரசிப்பவர்கள் மட்டும் அதைப் பார்ப்பதில்லை.

தொலைபேசியில் படமெடுப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு குறிப்புகள். கையில் பிடித்து எடுக்காமல் யன்னல் விளிம்பிலோ வேலிக் கம்பத்திலோ ஊன்றி எடுங்கள். மாலை வெளிச்சத்தில் கை நடுக்கமே படத்தைக் கெடுக்கிறது. படத்துக்குப் பதில் வீடியோ எடுங்கள். நரி எப்படி நடந்தது, எந்தப் பக்கம் போனது, எத்தனை தடவை ஊளையிட்டது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். தேவையான படத்தைப் பிறகு அதிலிருந்து பிரித்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கு இரண்டு கவலைகள் இருக்கும். ஒன்று விசர் நோய். நாயைப் போலவே நரிக்கும் அந்த நோய் வரும் என்பது உண்மை. மனிதரைக் கண்டும் விலகாமல், பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டோ வாயில் நீர் வடித்துக்கொண்டோ வரும் நரியைக் கண்டால் படமெடுக்க நிற்கக் கூடாது. வீட்டுக்குள் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். கடியோ கீறலோ பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நலமான நரியோ மனிதரைக் கண்டதும் ஒதுங்கிப் போகும். அதனால்தான் என் படங்களில் பாதி நரியின் பின்புறமாக இருக்கிறது! "நரி வலம் போனாலென்ன, இடம் போனாலென்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்று நம் முன்னோர் சொன்னதிலும் இந்த அறிவு இருக்கிறது.

மற்றக் கவலையை எங்கள் உம்மம்மாவே வாய்விட்டுச் சொன்னார்: "பொம்புளப் புள்ளைக்கு இது என்னத்துக்குப் புள்ளே? மையிருட்டுல வேலியோரத்துல நிண்டு நரி பார்க்கிற?" அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்காக ஒரு பெண்பிள்ளை காட்டுக்குப் போக வேண்டியதில்லை, இருட்டில் வெளியே திரிய வேண்டியதில்லை. நான் எடுத்தவற்றில் நல்ல படங்கள் சமையலறை யன்னலிலிருந்து எடுத்தவை. வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் நாமும் நம் தாய்மாரும்தான். வளவுக்குள் எது வருகிறது, எது போகிறது என்பது நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அந்த அறிவு அடுப்படியோடு போய்விடாமல் திகதியோடும் நேரத்தோடும் எழுதப்பட்டால் அதற்கு விஞ்ஞானம் என்று பெயர். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு மாணவிக்குப் பாடநூலில் கிடைக்காத பயிற்சி அது. உம்மம்மா இப்போதும் நரி ஊளையிட்டால் ஊருக்கு ஆகாது என்கிறார். ஆனாலும் சத்தம் கேட்டவுடன் "புள்ளே, போனைக் கொண்டா" என்று முதலில் கூப்பிடுபவரும் அவர்தான்.

இந்தச் சஞ்சிகை வழியாகக் கல்லூரிக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். நம் மாணவிகள் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். பலருடைய வீடுகள் வயலோரத்திலும் குளத்தோரத்திலும் கடற்கரையிலும் இருக்கின்றன. விஞ்ஞானச் சங்கத்தில் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குவோம். நரியைக் கண்டவர் ஊர், திகதி, நேரம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஐந்து விடயங்களை மட்டும் எழுதட்டும். படம் இருந்தால் ஒட்டட்டும். ஊளை மட்டும் கேட்டிருந்தால் அதையும் எழுதட்டும். காணாமல் போன கோழிகளையும் ஒரு பக்கத்தில் எழுதுவோம், யார் பிடித்தது என்று கண்ணால் கண்டவர் மட்டும் பெயரைச் சொல்லட்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால், எந்த ஊரில் நரி கூடுகிறது, எந்த ஊரில் ஊளை கேட்பது நின்றுவிட்டது என்பது நமக்கே தெரியவரும்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது. மஃரிபுக்கு முன் கோழிக்கூட்டை அடையுங்கள். மீன் கழிவைப் புதையுங்கள். நஞ்சு வைக்க நினைக்கும்போது ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு உங்கள் மகளின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, யன்னலோரத்தில் இருந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.